நெட் நடத்தத் தெரிந்தவருக்கே என் வாக்கு

அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்த புதிதில் யாருக்கும் சங்கத்தைப் பற்றிய நினைப்பே வராது. ஒரு செட், ஒரு 12 வோல்ட் பேட்டரி, மொட்டைமாடியில் இரண்டு மூங்கில், இடையில் இழுத்துக் கட்டிய செப்புக் கம்பி. இவ்வளவு இருந்தால் 7 மெகாஹெர்ட்ஸில் கொச்சியோடும் கொழும்போடும் பேசிவிடலாம். தலைவர் யார், செயலாளர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எழுவதில்லை. திண்டுக்கல்லில் ரேடியோ ரிப்பேர் தொழிலோடு இதையும் பிடித்துக்கொண்ட எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. பிற்பாடு ஒரு கிளப்பில் செயலாளராக இருந்தேன். வயது கூடியதும், இனி எந்தப் பதவிக்கும் நிற்கமாட்டார் என்ற நம்பிக்கையில், தேர்தல் நடத்திக் கொடுக்கச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வாக்குச்சீட்டுகளைப் பிரித்து அடுக்கும் மேசையில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. ஆன்டெனா வாங்கும்போது ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், செய்யும் விசாரணையில் பாதிகூட, தங்களுக்காக டெல்லியில் பேசப்போகிற ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது செய்வதில்லை. அது மாற வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நாம் பேசும் அலைவரிசை நமக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது அல்ல. 1939-ல் போர் வந்ததும் இந்தியாவில் அமெச்சூர் லைசென்ஸ்களை அரசு ரத்து செய்தது. செட்டுகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. போர் முடிந்த பிறகுதான் மறுபடியும் காற்றில் குரல் வந்தது. அது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2019 ஜூன் மாதம் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமொன்றில் பிரான்ஸ் ஒரு யோசனை வைத்தது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை விமானப் பயன்பாட்டுக்கும் ஆராயலாம் என்பது அதன் சாரம். அதுதான் நம்முடைய 2 மீட்டர். கையடக்க செட் வைத்திருக்கும் ஒவ்வொரு ஹாமும் முதலில் பேசுவது அதில்தான். பழனி மலைத்தொடரின் உயரத்தில், வந்த சிக்னலை வலுவாக்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் நின்றால் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்தும் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலிருந்தும் ஐந்து வாட்டில் பேசலாம் என்கிற வசதி அந்தப் பட்டையில் இருக்கிறது.  பல நாட்டு அமெச்சூர் சங்கங்கள் தத்தம் அரசுகளிடம் போய் விளக்கி, எதிர்ப்பைப் பதிவு செய்தன. ஆகஸ்டு மாதத்துக்குள் அந்த யோசனை கைவிடப்பட்டது. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு நான் தனியாளாக என்ன செய்திருக்க முடியும்? ஒரு தபால் எழுதியிருப்பேன், அவ்வளவுதான்.

சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். உலக அளவில் ஹாம்களுக்காகப் பேசுவது சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியம். 1925-ல் பாரிஸில் தொடங்கியது. ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம்தான் அதில் உறுப்பாக இருக்க முடியும். இந்தியாவுக்கு அந்த இடத்தில் இருப்பது இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கம், எல்லோரும் ஏ.ஆர்.எஸ்.ஐ. என்று சொல்கிறோம். மத்தியப் பிரதேசத்தில் மாவ் நகரின் ராணுவ சிக்னல்ஸ் பள்ளியில் 1948 மே 15 அன்று ஒரு கிளப்பாக ஆரம்பித்தது. 1954-ல் டெல்லிக்குப் போய் இன்றைய பெயரைப் பெற்றது. ஆசிய, பசிபிக் நாடுகள் சேர்ந்தது ஒன்றியத்தின் 3ஆம் மண்டலம். ஏ.ஆர்.எஸ்.ஐ. தலைவராக இருந்த கோபால் மாதவன், அழைப்புக்குறி வி.யு.2.ஜி.எம்.என்., அந்த மண்டலத்துக்கும் தலைவராக இருந்திருக்கிறார். ஆகவே ஏ.ஆர்.எஸ்.ஐ. நிர்வாகி என்பது ஊர் கிளப்பின் தலைவர் பதவி போன்றதில்லை. அவர் கையெழுத்திடும் கடிதம் இந்திய ஹாம்கள் அத்தனை பேரின் குரலாக எடுத்துக்கொள்ளப்படும். சங்கத்தில் சேராதவருக்கும் சேர்த்து.

உள்நாட்டு வேலை இதைவிடப் பொறுமை கேட்பது. நம் லைசென்ஸ் 1978-ஆம் ஆண்டு அமெச்சூர் சேவை விதிகளின்படி, மத்திய அரசில் அலைவரிசைகளை நிர்வகிக்கும், டெல்லியிலுள்ள டபிள்யூ.பி.சி. பிரிவிலிருந்து வந்தது. நான் தேர்வு எழுதியபோது கிரேடு ஒன்றுக்கு நிமிடத்துக்கு 12 சொல், கிரேடு இரண்டுக்கு 5 சொல் மோர்ஸ் எடுக்க வேண்டும். கிரேடுகள் பின்னால் ஜெனரல், ரெஸ்ட்ரிக்டட் என்று இரண்டாகச் சுருங்கின. 12 வயதுப் பிள்ளைகூடத் தேர்வு எழுதலாம். விண்ணப்பம் சரள் சஞ்சார் இணையதளத்துக்குப் போய்விட்டது. இப்படி விதி மாறும் ஒவ்வொரு முறையும் வரைவைப் படித்து, எந்த வரி நம்மைப் பாதிக்கும் என்று கண்டு, கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் கொடுக்க ஆள் வேண்டும். 1984-ல் வயர்லெஸ் கருவிகளுக்கு இறக்குமதி வரி விலக்கு கிடைத்தது. அதுவரை 807 வால்வை வைத்து வீட்டில் கட்டிய டிரான்ஸ்மிட்டரும் ராணுவக் கழிவு ரிசீவரும்தான் நம் கதி. ஒரு வரி விலக்கு எத்தனை பேரை இந்தத் துறைக்குள் கொண்டுவந்தது என்பதை ரிப்பேர் மேசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ஏந்திச் சென்ற ஹாம்சாட் செயற்கைக்கோள், சுமார் ஒன்பது ஆண்டுகள் நம் குரலை எதிரொலித்தது. அதன் பின்னாலும் கோப்புகளும் கூட்டங்களும் அறிவியல் நிறுவனங்களோடு நடந்த பேச்சுகளும் இருந்தன. காற்றில் நாம் அனுபவிக்கும் சுகம் எல்லாமே ஏதோ ஒரு காகிதத்தில் யாரோ ஒருவர் சலிக்காமல் வேலை செய்ததன் பலன்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ராஜீவ் காந்தி ஹாம், அழைப்புக்குறி வி.யு.2.ஆர்.ஜி. அது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அதனாலோ என்னவோ, தலைவர் என்றால் பெரிய மனிதராக, அமைச்சகத்தில் நான்கு பேரைத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் வேரூன்றிவிட்டது. பெரிய மனிதரைப் புரவலராக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. தலைவர் நாற்காலிக்கு வேண்டியது நேரம். மாலை ஏழு மணிக்கு மேல் கடிதம் தட்டச்சு செய்யத் தயாராக இருப்பவரை நான் தேடுவேன்.

பலமான சிக்னலுக்கு வாக்குப் போடும் பழக்கமும் இருக்கிறது. உயரமான டவர், திருப்பும் பீம் ஆன்டெனா, 100 நாடுகளுக்கு மேல் உறுதிசெய்த டி.எக்ஸ்.சி.சி. சான்றிதழ், சுவரெல்லாம் தொடர்பை உறுதிசெய்யும் க்யூ.எஸ்.எல். அட்டை. அவரைக் காற்றில் எல்லோருக்கும் தெரியும். வாக்குச்சீட்டில் பெயரைப் பார்த்ததும் கை அங்கே போய்விடும். அவருடைய திறமையை நான் மதிக்கிறேன். நெரிசலான பட்டையில் பசிபிக் தீவின் மெல்லிய ஒலியைப் பொறுக்கி எடுப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் அந்தத் திறமையில் மற்றவர்களைப் பற்றிய கவனம் என்பதற்கு இடமே இல்லை. தான் பேச வேண்டும், தன் பதிவேட்டில் ஏற வேண்டும், அவ்வளவுதான். சங்கத் தலைவரின் வேலை அதற்கு நேர்எதிர்த் திசையில் இருக்கிறது.

எந்தத் திறமை அந்த வேலைக்கு மிக அருகில் வருகிறது என்று என்னைக் கேட்டால் நெட் கண்ட்ரோல் என்று சொல்வேன். நெட் என்பது குறித்த நேரத்தில் குறித்த அலைவரிசையில் பலர் கூடுவது. ஒருவர் கண்ட்ரோலாக இருப்பார். அவர் கூப்பிட்டால்தான் மற்றவர் பேசலாம். காலையில் 40 மீட்டரில் நெட்டைக் கேட்டிருக்கிறவர்களுக்குத் தெரியும்: நல்ல கண்ட்ரோல் குறைவாகத்தான் பேசுவார். ஒவ்வொரு அழைப்புக்குறியையும் தாளில் எழுதிக்கொள்வார். யாருடைய சிக்னல் யாருக்குக் கேட்கவில்லை என்பதை நினைவில் வைத்து, இடையில் இருக்கிற ஸ்டேஷனைச் செய்தி கடத்தித் தரச் சொல்வார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி இரைச்சலானால் கோபப்படமாட்டார். "ஒரு ஒய்.எல். ஸ்டேஷன் கேட்டது, முதலில் அவங்க வாங்க, மற்றவங்க ஸ்டாண்ட்பை" என்பார். ஒய்.எல். என்றால் பெண் ஹாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பலமான ஸ்டேஷன்களை எல்லாம் நிறுத்திவிட்டு, இரைச்சலுக்கு அடியில் முனகுகிற ஒன்றைத் தேடி எடுப்பார்.

புயல் நாளில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டாவைச் சிதைத்துவிட்டு நம் மாவட்டம் வரை வந்தது. கொடைக்கானல் மலைப்பாதையில் மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது, மின்சாரம் போனது. மொபைல் டவரின் பேட்டரி தீர்ந்தால் அப்புறம் ஷார்ட்வேவ்தான். அப்படிப்பட்ட நேரத்தில் ஆர்வம் மிகுந்தவர்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் வந்து "நான் இருக்கேன், என்ன உதவி வேணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தால், உதவி வேண்டியவர் வாயே திறக்க முடியாது. 2004 சுனாமியின்போது அந்தமானில் பாரதி பிரசாத் என்ற ஹாமின் குழு செய்தது இந்த ஒழுங்குக்கு நம் நாட்டின் சிறந்த உதாரணம். தொலைதூரத் தொடர்புகளுக்காக வி.யு.4 அழைப்புக்குறியோடு போர்ட் பிளேர் போயிருந்தவர்கள் அவர்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஹாம்கள் அந்த அபூர்வ அழைப்புக்குறிக்காகக் காத்திருந்த நேரம். டிசம்பர் 26 காலை அலை அடித்ததும் அந்த விளையாட்டு முழுவதையும் நிறுத்திவிட்டு, நிர்வாகத்துக்கும் தீவுகளில் தவித்தவர்களின் குடும்பங்களுக்கும் செய்தி கடத்துகிற நிலையமாக மாறினார்கள். அதே நாள்களில் இலங்கையில் ஹாம்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமரின் இல்லத்துக்கும் இடையே ஷார்ட்வேவ் இணைப்பைத் தாங்கி நின்றார்கள். அங்கே சங்கத்தின் முன்னணியில் நின்ற விக்டர் குணதிலக, 4.எஸ்.7.வி.கே., பிறகு அந்த அனுபவத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னார். இந்த இரண்டு இடத்திலும் யாருடைய ஆன்டெனா எவ்வளவு உயரம் என்பதை யாரும் பேசவில்லை.

அதனால் தேசிய சங்கத் தேர்தலில் பெயர்ப்பட்டியல் கைக்கு வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இவர் எங்காவது நெட் நடத்தியிருக்கிறாரா? பேரிடர் வேளையில் மற்றவர்களை எப்படிக் கையாண்டார்? இதற்கு விடை தெரியாவிட்டால் அவரோடு பேசியவர்களைக் கேட்பேன். ரிசீவரைத் திறந்து வைத்தால் போதும், ஓரிரு வாரத்தில் ஒரு ஆளைப் பற்றித் தெரிந்துவிடும். வேறு எந்தத் துறையில் வேட்பாளரின் குணத்தை இப்படி வீட்டிலிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்?

இதைச் சொன்னால் நம் ஊரில் கிடைக்கும் பதில் எனக்கு மனப்பாடம். ஒருமுறை நாகல் நகரில் டீக்கடை வாசலில் இளம் ஹாம் ஒருவர் கேட்டார்.

"ஏண்ணே, டெல்லியில யார் உக்காந்தா நமக்கு என்ன? நம்ம பாட்டுக்கு நம்ம செட்டுல பேசிட்டுப் போவோம்."

"தம்பி, நீ மெம்பரா?"

"இல்லண்ணே. சேரணும்னு பார்க்குறேன், சேரல."

"சேராம இருந்தா, உனக்காகப் பேசப்போறவனை வேற ஆள் தேர்ந்தெடுப்பான். அவன் தேர்ந்தெடுத்த ஆள் உன் பேரையும் சேர்த்துத்தான் பேசுவான். உனக்கு அது சம்மதமா?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடமே சேர்ந்துவிட்டார். லைசென்ஸ் வைத்திருக்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் சின்ன ஊர்களில் இருப்பவர்கள் வெளியேயே நின்றுவிடுகிறார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை பெருநகரங்களில் கொஞ்சம் பேரிடம் குவிகிறது. குவிந்தது அவர்கள் குற்றமில்லை, நாம் விட்டுக்கொடுத்தது. வேடசந்தூரிலும் வத்தலக்குண்டிலும் இருக்கிற ஹாம், தன் கூரையில் கம்பி கட்ட வீட்டுச் சொந்தக்காரரோடு படும் பாட்டையும், மின்வாரிய லைனின் இரைச்சலையும், டெல்லி, பெங்களூரில் இருப்பவர் தானாகவே உணரமாட்டார். சொல்ல ஆள் வேண்டும்.

இன்னொரு பழக்கம் நம் ஊரிலிருந்தே வருவது. திண்டுக்கல்லில் வியாபாரிகள் சங்கமோ கோயில் கமிட்டியோ எதுவானாலும், பெரியவர்கள் முதல் நாள் இரவே கூடிப் பேசி, மறுநாள் ஒரே பட்டியலை வைத்து, கைதட்டலோடு "போட்டியின்றி" என்று முடித்துவிடுவார்கள். ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர்கள் மறுநாள் முகத்தில் முழிக்க வேண்டும் என்பதால் ஏற்பட்ட நல்ல வழக்கம் அது. இருபது முப்பது பேர் உள்ள ஹாம் கிளப்புக்கும் அது பொருந்தலாம். ஆனால் நாடு முழுவதற்குமான சங்கத்துக்குப் பொருந்தாது. போட்டி இல்லாத தேர்தலில் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. பதவிக் காலத்தில் என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டிய கட்டாயமே வருவதில்லை. தோற்றவர் பிறகு வேலைக்கு வரமாட்டார் என்ற பயத்தில்தான் பலரும் போட்டியைத் தவிர்க்கிறார்கள். என் அனுபவம் வேறு. நான் நடத்திய தேர்தல் ஒன்றில் சில வாக்குகளில் தோற்றவரிடம் அன்றைக்கே க்யூ.எஸ்.எல். அட்டைகளைப் பிரித்து அனுப்பும் பொறுப்பைக் கேட்டோம். மறுக்கவில்லை. நிர்வாகிகளைவிட ஒழுங்காகப் பல காலம் அதைச் செய்தார்.

அமெரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்.லின் நடைமுறை நமக்கு அப்படியே ஒத்துவராது. இருந்தாலும் கவனிக்க வேண்டியது. அங்கே நாட்டை 15 பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவின் உறுப்பினர்களும் தங்கள் இயக்குநரை மூன்றாண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லாப் பிரிவிலும் ஒரே ஆண்டில் தேர்தல் வராது. மூன்றில் ஒரு பங்கு பிரிவுகளில் மட்டும் ஒவ்வோராண்டும் வரும். இயக்குநர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இதில் எனக்குப் பிடித்தது, உறுப்பினருக்குத் தெரிந்த, அவர் வட்டாரத்து ஆளுக்கு வாக்கு விழுவது. ஆனால் எந்த அமைப்பும் தானாகவே சரியாக ஓடிவிடாது. 2017 நவம்பரில் அந்த இயக்குநர் குழு தன் சொந்த இயக்குநர் ஒருவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. குழு எடுத்த முடிவை உறுப்பினர்கள் முன்னால் விமர்சிக்கலாமா கூடாதா என்பதுதான் சர்ச்சை. உறுப்பினர்களிடையே பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டு, மறு ஆண்டு நடத்தை விதிகளையே திருத்தினார்கள். நான் உறுப்பினர்கள் பக்கம். குழுவுக்குள் தோற்ற கருத்தை என் பிரதிநிதி எனக்குச் சொல்லக்கூடாது என்றால் அடுத்த முறை யாருக்கு வாக்களிப்பது என்று எனக்கு எப்படித் தெரியும்? வேட்பாளர் பேசும்போது இதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: மாற்றுக் கருத்தைக் கூட்டக் குறிப்பில் பதிய விடுவீர்களா?

வாக்காளர் பட்டியலைப் பற்றிச் சொல்லாமல் தேர்தலைப் பற்றிப் பேச முடியாது. என் வேலையில் பெரும்பகுதி அதில்தான் போனது. பட்டியலை எடுத்தால் சைலன்ட் கீ ஆனவர்கள், அதாவது காலமானவர்கள், அப்படியே இருப்பார்கள். குடும்பத்தார் சொல்லியிருக்கமாட்டார்கள், நாமும் கேட்டிருக்கமாட்டோம். லைசென்ஸ் காலாவதியானவர், சந்தா பாக்கி வைத்தவர், ரெஸ்ட்ரிக்டடிலிருந்து ஜெனரலுக்குப் போய், அழைப்புக்குறி வி.யு.3-லிருந்து வி.யு.2-க்கு மாறியதால் இரண்டு அழைப்புக்குறியில் இரண்டு இடத்தில் இருப்பவர். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் பிடித்து, லைசென்ஸ் நகல் வாங்கி, பட்டியலைத் தேர்தலுக்கு முன்பே எல்லோருக்கும் அனுப்பி ஆட்சேபம் கேட்க வேண்டும். இதைச் செய்யாமல் வாக்குச்சீட்டு அச்சடித்தால், எண்ணி முடித்த பிறகு சண்டை வரும். அது மனிதர்களைப் பிரித்துவிடும். சந்தா பாக்கிக்கு ஒரு கெடு வைத்து, அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும். நெருங்கிய நண்பர் ஒருவருடைய பெயரை ஒருநாள் தாமதத்துக்காக நீக்கியிருக்கிறேன். அவர் வருத்தப்பட்டார். பிறகு அவரே மற்றவர்களிடம் அதை நியாயம் என்று பேசினார்.

காற்றில் வாக்குச் சேகரிக்கக்கூடாது என்பது என் கண்டிப்பு. நாம் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். லைசென்ஸ் இல்லாமல் கேட்டுப் பழகும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நெட்டில் ஒரு வேட்பாளரைப் புகழ்ந்தும் இன்னொருவரைத் தாழ்த்தியும் பேசினால், புதிதாகக் கேட்கும் பையன் இந்தத் துறையைப் பற்றி என்ன நினைப்பான்? வேட்பாளர் அறிமுகம் அச்சில் வரட்டும், கூட்டத்தில் வரட்டும். நெட்டில் வேட்பாளர் பெயர் அடிபட்டால் கண்ட்ரோல் மென்மையாக நிறுத்திவிட வேண்டும்.

தலைவரை எல்லோரும் பார்க்கிறார்கள். பொருளாளரை யாரும் பார்ப்பதில்லை. பணம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே 16 அன்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 முதல் ஒலிபரப்பும் வந்தது. 40 வாட் டிரான்ஸ்மிட்டர். ஆர்வலர்கள் தாங்களே நடத்தியது. அகில இந்திய வானொலி பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே சென்னைக்குக் குரல் கொடுத்தவர்கள் அவர்கள். திறமைக்குக் குறைவில்லை, உற்சாகத்துக்குக் குறைவில்லை. பணம் போதவில்லை, 1927-ல் நிறுத்தினார்கள். டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்க, 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அந்த முன்னோர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். நம் சங்கத் தேர்தலில் வரவு செலவை வரி வரியாகப் படித்துச் சொல்லக்கூடிய ஆளைப் பொருளாளராகப் போடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. ரிப்பீட்டர் பேட்டரிக்கும் பேரிடர் கால டீசலுக்கும் பணம் இல்லையென்றால் தலைவர் எவ்வளவு நல்லவரானாலும் பயனில்லை.

தலைவர்கள் எங்கிருந்து வர வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு விருப்பம் உண்டு. இதுவரை ராணுவ சிக்னல்ஸ்காரர்களும் பெருநகரப் பொறியாளர்களும் சங்கங்களைத் தாங்கியிருக்கிறார்கள், நன்றி. ஆனால் ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான், வி.யு.2.இ.எஸ்.இ., குறைந்த செலவில் வீட்டிலேயே கட்டக்கூடிய பிட்எக்ஸ் டிரான்ஸ்சீவரை வடிவமைத்து உலகத்துக்குக் கொடுத்தார். அதற்காக அவருக்கு எந்தப் பதவியும் தேவைப்படவில்லை. வடிவமைப்பவரைப் பதவியில் கட்டிப்போட வேண்டாம். பிட்எக்ஸை வாங்கிக் கட்டிய நூற்றுக்கணக்கான இளைஞர்களில் சிலருக்கு மற்றவர்களைச் சேர்த்து வைக்கிற குணம் இருக்கும். காந்திகிராமத்திலும் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளிலும் படிக்கும் பெண்களில் அப்படிச் சிலரை நானே பார்க்கிறேன். அவர்களை முதலில் ஒரு வட்டாரப் பொறுப்பில் வைத்து, ஒரு நெட்டைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்றால் போதும். கூட்டம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடப்பதால் பேசத் தயங்குபவர்களும் உண்டு. தமிழில் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வேன் என்று சொல்லும் வேட்பாளருக்கு என் வாக்கு எளிதாகக் கிடைக்கும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, நிர்வாகக் குழுவின் பதவிக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நம் மாநிலத்தில் பதிவான கிளப்புகளுக்கு அது பொருந்தும். காலம் முடிந்ததும் அதே ஆளை மறுபடி உட்கார வைப்பதற்குச் சட்டம் தடையில்லை. "நீங்களே இருந்துருங்கண்ணே" என்று கெஞ்சுவோம், அவரும் இருப்பார். இரண்டு முறை இருந்தவர் மூன்றாம் முறை ஒதுங்கி, அடுத்தவருக்கு வழிவிட வேண்டும் என்பதைக் கிளப்பின் துணைவிதியிலேயே எழுதிவைக்கச் சொல்லி வாதாடியிருக்கிறேன். சில இடத்தில் எழுதினார்கள்.

வாக்கு எண்ணி முடித்த அன்றைக்கே நான் செய்யச் சொல்லும் வேலை ஒன்று இருக்கிறது: ஒப்படைப்பு. புதிய குழு, மாலை போட்ட கையோடு பழைய குழுவோடு ஒரு மேசையில் உட்கார வேண்டும். வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றும் கடிதம், நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம், இணையதளக் கடவுச்சொற்கள், கூட்டக் குறிப்பேடு, டெல்லியோடு நடந்த கடிதப் போக்குவரத்தின் முழுக் கோப்பு. கிளப் ஸ்டேஷனின் லைசென்ஸ் பழைய பொறுப்பாளர் பெயரில் இருந்தால் அதை மாற்ற விண்ணப்பம். ரிப்பீட்டர் வைத்திருக்கும் இடத்தின் சாவி. திண்டுக்கல்காரன் சொல்கிறேன், நல்ல பூட்டாக வாங்கி, இரண்டு சாவியையும் இரண்டு பேரிடம் கொடுங்கள். இதெல்லாம் எழுத்தில், இரு தரப்புக் கையெழுத்தோடு, ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பதிலுக்குக் காத்திருக்கும் கடிதங்களை மட்டும் தனியாக எடுத்து மேலே வைத்துக் கொடுத்தால் புதிய செயலாளர் மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.